"வளர்ப்பு சரியில்ல"ன்னு தீர்ப்பு சொல்ற நாட்டாமைகளுக்கு

பொதுவா நான் இங்க சினிமா, கிரிக்கெட், ஆபீஸ்ல ஆணி புடுங்குன கதைன்னு மொக்கை போட்டுட்டுப் போற ஆளு. இன்னைக்குக் கொஞ்சம் சூடாத்தான் இருக்கேன். திட்டணும்னு தோணுச்சுன்னா தாராளமாத் திட்டுங்க மக்களே, ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூர் தெற்கு மாட வீதி. அக்கா, அக்கா பையன், நான் மூணு பேரும் காய்கறி வாங்கப் போயிருந்தோம். பையனுக்கு எட்டு வயசு. பேரு வேணாம், ஹீரோன்னு வச்சுக்குவோம். நல்ல கூட்டம். பின்னாடி ஒரு ஆட்டோக்காரர் ஹாரன்ல கை வச்சவர் எடுக்கவே இல்ல. ஹீரோ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டான். தூக்கப் போன என் கையைக் கடிச்சு வச்சான். தக்காளிக் கூடையை ஒரு உதை. அக்கா பதறிப்போய்ப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. அப்பதான் பக்கத்துல கீரை ஆய்ஞ்சு பார்த்துக்கிட்டு இருந்த ஒரு மாமி, நல்லவங்கதான், அக்கறையோடதான் சொன்னாங்க: "ரெண்டு சாத்து சாத்தினா சரியாப் போயிடும்மா. எல்லாம் வளர்க்கற விதத்துல இருக்கு."

அக்கா ஒண்ணும் சொல்லலை. தக்காளிக்குக் காசு குடுத்தா. ஆட்டோ லஸ் கார்னர் தாண்டினப்பறம், வெளிய பார்த்துக்கிட்டே கேட்டா: "ஏன்டா, நெஜமாவே நான்தான் சரியா வளர்க்கலையோ?"

நான் காலேஜ் முதல் வருஷம் கணக்குல அரியர் வச்சப்ப ராத்திரி ராத்திரியா உக்கார வச்சு சொல்லிக்குடுத்துப் பாஸ் பண்ண வச்சவ அவ. எதுக்கும் கலங்காதவ. அவ கேட்ட கேள்விக்கு எனக்கு ஆட்டோவுல பதில் வரலை. அதான் இங்க சொல்றேன்.

முதல்ல ஹீரோவோட கதை. மூணு வயசுல காய்ச்சல் எதுவும் இல்லாம ஒரு நாள் வலிப்பு வந்துது. திரும்பவும் வந்தப்பறம், வலிப்பு நோய்னு டாக்டர் சொல்லிட்டாங்க. (கால் கை வலிப்புங்கறதைத்தான் நம்ம ஜனங்க 'காக்கா வலிப்பு' ஆக்கிட்டாங்க. காக்கா பாவம், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.) ஆறு வயசுல ஏ.டி.எச்.டி.ன்னு இன்னொண்ணும் சேர்ந்துச்சு. ஒரு இடத்துல உக்கார முடியாது, நினைச்ச நொடியே செஞ்சாகணும், காத்திருக்க வராது. இது ரெண்டும் சேர்ந்து வர்றது அபூர்வம் எல்லாம் இல்ல. வலிப்பு நோய் இருக்கற குழந்தைகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கு.

அக்காவோட ஒரு நாள் இப்படி: காலைல எட்டு மணிக்கு சிரப், ராத்திரி எட்டு மணிக்கு சிரப். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. தூக்கம் குறையக் கூடாது, குறைஞ்சா வலிப்பு வரலாம். காய்ச்சல் வந்தா ராத்திரி முழுக்க முழிப்பு. கைப்பையில அவசரத்துக்கு மூக்குல அடிக்கற மருந்து. சாவி, பர்ஸ் இல்லாமக்கூட வெளிய போவா, அது இல்லாமப் போக மாட்டா.

இப்ப, வெளிய இருந்து பார்க்கறவங்க 'திமிரு'ன்னு சொல்றது உள்ள என்னவா இருக்குன்னு பாருங்க.

வகுப்புல பாடம் நடக்கறப்ப சுவத்தை வெறிச்சுப் பார்க்கறான்னு டைரில எழுதி அனுப்பினாங்க. அது கனவு இல்ல, அதுவும் ஒரு வகை வலிப்புதான். உடம்பு விழாது, கை கால் வெட்டி இழுக்காது. பத்து செகண்டு போல நினைவு மட்டும் அறுந்து போயிட்டுத் திரும்ப வரும். சில குழந்தைகளுக்கு ஒரே நாள்ல பல தடவை வரும். அந்தப் பத்து செகண்டுல டீச்சர் சொன்னது அவனுக்குப் போய்ச் சேரவே சேராது. அப்புறம் "சொன்னதைக் கேக்கறதே இல்ல"ன்னு புகார்.

ரெண்டாவது, கோவம். வலிப்புக்குப் பரவலாக் குடுக்கற மருந்துகள்ல ஒண்ணு லெவெடிராசெட்டாம். எரிச்சல், மூர்க்கம் எல்லாம் அதோட பக்க விளைவுகள்னு மருந்தோட உள்ள மடிச்சு வச்சிருக்கற தாள்லயே போட்டிருக்கு. எல்லாக் குழந்தைக்கும் வராது, ஹீரோவுக்கு வருது. மருந்தை நிறுத்தினா வலிப்பு, குடுத்தா கோவம். (நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க சாமி. டக்குனு நிறுத்தறது ரொம்ப ஆபத்து. டாக்டரைக் கேளுங்க.) இந்தத் தராசை ரெண்டு பக்கமும் சரி பண்ணத்தான் டாக்டரும் அக்காவும் மாசக்கணக்குல மல்லுக்கட்டறாங்க.

மூணாவது, பெரிய வலிப்பு வந்து போனதுக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு, சில சமயம் மணிக்கணக்குலகூட, குழப்பமும் சோர்வும் இருக்கும். தூக்கத்துல வந்து போயிருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. காலைல எழுந்து காரணமே இல்லாம அழுவான், தட்டைத் தூக்கி எறிவான்.

ஆபீஸ்ல சர்வர் படுத்துக்கிட்டா என்ன பண்றோம்? முதல்ல லாக் ஃபைலைத் திறந்து பார்க்கறோம். "இந்த சர்வரை வளர்த்த விதம் சரியில்ல"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனா, மேனேஜர் அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவார். ஆனா ஒரு குழந்தை விஷயத்துல மட்டும் லாக் பார்க்காமத் தீர்ப்பு சொல்ற உரிமை ரோட்டுல போறவர் வரைக்கும் எல்லாருக்கும் இருக்கு.

இந்தப் பழி நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் இல்ல. லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை மருத்துவர் 1902-லயே இப்படித் தன்னை அடக்கிக்க முடியாத குழந்தைகளைப் பத்திப் பேசியிருக்கார். அறிவுல குறை இல்ல, நல்ல வீட்டுல வளர்ந்த பிள்ளைங்களும் இதுல உண்டு, உடம்பு சார்ந்த காரணத்தைத் தேடணும்ங்கறதுதான் அவரோட பேச்சு. ஆட்டிசத்துல நடந்தது இன்னும் கொடுமை. 1943-ல ஆட்டிசத்தை விவரிச்ச லியோ கேனர், பெத்தவங்ககிட்ட பாசக் கதகதப்பு இல்லைன்னு எழுதப் போக, 'குளிர்பெட்டி அம்மா'ங்கற பட்டமே உருவாயிடுச்சு. சிகாகோவுல புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல ஒரு புத்தகமே போட்டு, அந்தக் குழந்தைகளை வதைமுகாம் கைதிகளோட ஒப்பிட்டார். அப்ப அம்மா யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அதுக்கு முன்னாடியே, 1964-ல, பெர்னார்ட் ரிம்லாண்ட் இது மூளை சார்ந்த விஷயம்னு ஆதாரம் அடுக்கிப் புத்தகம் எழுதியிருந்தார். அவரே ஒரு ஆட்டிசக் குழந்தையோட அப்பா. கடைசில 1969-ல பெத்தவங்க நடத்துன கூட்டத்துல கேனரே மேடையேறி, உங்க மேல குற்றம் இல்லைன்னு விடுதலை குடுத்துட்டுப் போனார்.

ஆட்டிசமும் எங்க வீட்டு விஷயமும் வேற வேறதான். ஆனா பழி போடற பாதை ஒண்ணேதான். 1969-ல வந்த அந்தத் தீர்ப்போட நகல் இன்னும் தெற்கு மாட வீதிக்கு வந்து சேரலைங்கறதுதான் என் வருத்தம்.

சரி, மாமி ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போச்சுன்னு கேக்கலாம். குறையுது சார். நான் சொல்ல வர்றதே இதுதான்: 'வளர்ப்பு சரியில்ல'ன்னு சொன்ன அடுத்த நொடி, மத்த எல்லாரோட கடனும் தள்ளுபடி ஆயிடுது. யார் யார் கடன்னு பார்ப்போம்.

முதல்ல பள்ளிக்கூடம். எந்தப் பள்ளின்னு சொல்லப் போறதில்ல. ஹீரோ மூணாம் வகுப்பு. முதல்ல டைரில குறிப்பு வந்துது. அப்புறம் காலைல பதினோரு மணிக்கு "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு போன். அப்புறம் ஒரு நாள் ரூமுக்குக் கூப்பிட்டு, தண்ணி குடுத்து, "உங்க குழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றோம், வேற ஸ்கூல் பார்த்துக்கறீங்களா? ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. சொந்தக் காரணங்களுக்காகன்னு போட்டுக்கலாம்."

ஏன் லெட்டர்? ஏன்னா அவங்களால வெளிய அனுப்ப முடியாது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 16-வது பிரிவு: எட்டாம் வகுப்பு முடியற வரைக்கும் எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2019-ல திருத்தம் வந்து அஞ்சாவதுலயும் எட்டாவதுலயும் ஃபெயிலாக்க வழி விட்டாங்களே தவிர, நீக்கக் கூடாதுங்கறது அப்படியேதான் இருக்கு. 17-வது பிரிவு அடியையும் மன உளைச்சல் குடுக்கறதையும் தடை பண்ணுது. வேற பள்ளி பாருங்கறாங்களே, அங்க சேர்க்கறதுக்கு முன்னாடி குழந்தையைப் பரீட்சிச்சுப் பார்த்து வடிகட்டறதும் 13-வது பிரிவுப்படி தப்பு. முதல் தடவை 25,000 ரூபாய், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். (சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எங்க ஹீரோ படிக்கறது அந்த வகை இல்ல.)

ஆக, சட்டம் கதவைச் சாத்தி வச்சிருக்கு. அந்தக் கதவைத் திறக்க ஒரே சாவி அம்மாவோட கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வாங்கறது எது? குற்ற உணர்ச்சி. "ஒருவேளை நம்ம மேலதான் தப்போ"ங்கற எண்ணம். மாமி ஃப்ரீயா விதைச்சதைப் பள்ளிக்கூடம் அறுவடை பண்ணுது.

ரெண்டாவது, அரசாங்கம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு, நல்லது. ஆனா ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியல்லயே இல்ல. வலிப்பு நோயும் பேர் சொல்லி இல்ல. நாள்பட்ட நரம்பியல் நோய்கள்னு ஒரு தலைப்பு இருக்கு, அதுல உதாரணமாச் சொல்லியிருக்கறது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதச் சான்றிதழ் கேப்பாங்க. அது இல்லைன்னா வருமான வரியில பழைய முறைப்படி கிடைக்கற 75,000 ரூபாய் கழிவும் கிடையாது. நேஷனல் டிரஸ்ட் தர்ற ஒரு லட்ச ரூபாய் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முக ஊனம் இந்த நாலுக்குத்தான். எங்க ஹீரோ திரிசங்கு சொர்க்கத்துல தொங்கறான். பள்ளிக்கு அவன் 'சாதாரணக் குழந்தை' இல்ல, அரசாங்கத்துக்கு அவன் மாற்றுத்திறனாளியும் இல்ல.

மூணாவது, நம்ம ஆபீஸுங்க. மத்திய அரசுல வேலை பார்க்கற பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. ஊனமுற்ற குழந்தைன்னா வயசு வரம்பும் இல்ல. இமாசலப் பிரதேசத்துல அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஷாலினி தர்மானி, எலும்பு நொறுங்கற மரபணு நோய் உள்ள மகனைப் பார்த்துக்க லீவு கேட்டார், கிடைக்கலை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். பெண்கள் வேலைல பங்கெடுக்கறது சலுகை இல்ல, அரசியலமைப்பு சார்ந்த தேவைன்னு 2024 ஏப்ரல்ல நீதிமன்றம் சொல்லுச்சு. அருமை. ஆனா ஓ.எம்.ஆர்.ல தனியார் கம்பெனில வேலை பார்க்கற அம்மாவுக்கு அப்படி ஒரு விடுப்பைக் கட்டாயமாக்கற சட்டம் எதுவும் இல்ல. அக்கா நல்ல டெஸ்டர். இருந்த லீவு எல்லாம் தீர்ந்து, சம்பளம் இல்லாத லீவும் தீர்ந்து, போன வருஷம் பேப்பர் போட்டா. ராஜினாமா கடிதத்துல என்ன எழுதினா தெரியுமா? 'சொந்தக் காரணங்களுக்காக.'

அதே வார்த்தை! பள்ளிக்கூடம் எழுதச் சொல்றதும் அதேதான். இதுல சொந்தக் காரணம்னு எதைச் சொல்றீங்க?

நாலாவது, சொந்தக்காரங்க. அத்தானையும் சேர்த்துத்தான். அவர் நல்ல மனுஷன், டாக்டர்கிட்ட கூடவே போவார். ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட அவரைப் பார்த்து "வளர்ப்பு சரியில்ல"ன்னு சொன்னதில்ல. அந்த வசனம் அம்மாவுக்குன்னே எழுதுனது. அடுத்த ஆள் நான். நாலு வருஷம் முன்னாடி தீபாவளிக்கு, "நீ ரொம்பச் செல்லம் குடுக்கற, அதான் ஆடறான்"னு சொன்ன புண்ணியவான் இதை எழுதிக்கிட்டு இருக்கறவன்தான். அன்னைக்கு அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. சொல்லிட்டு நான் பட்டாசு வெடிக்கப் போயிட்டேன். பாருங்க, என் கடனும் தள்ளுபடி.

இப்ப உங்க கேள்விகளுக்கு வர்றேன், எப்படியும் கேக்கத்தான் போறீங்க.

"மத்த பிள்ளைங்க படிப்பு என்ன ஆகறது?" நியாயமான கேள்வி. நாப்பது பிள்ளைங்களோட தனியா நிக்கற டீச்சர் மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா அதே கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைல, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு போட்டிருக்கு. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு எத்தனை சிறப்பு ஆசிரியர் வேணும்னு கணக்கு வகுக்கச் சொல்லி 2021-ல ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, தொடக்க வகுப்புல பத்துப் பேருக்கு ஒருத்தர்னு 2022-ல அறிவிப்பும் வந்தாச்சு. "எங்க சார் அந்த ஆசிரியர்?"னு நிர்வாகத்தைக் கேக்கறதை விட்டுட்டு, எல்லாரும் ஏன் அக்காவைக் கேக்கறீங்க?

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே?" இருந்துச்சு சார். அப்ப 'அடங்காதது', 'தறுதலை'ன்னு பேரு வச்சு, பாதில படிப்பை நிறுத்தி ஏதாவது வேலைக்கு அனுப்பிட்டீங்க. வலிப்பு இருந்தா வெளிய சொல்லாம மறைச்சீங்க. மறைக்காம என்ன பண்ணுவாங்க? வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தையே செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்துல இடம் இருந்துச்சு. 1999-லதான் அந்த வார்த்தையை எடுத்தாங்க.

"அப்ப வளர்ப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" இருக்கு. ஏ.டி.எச்.டி.க்குச் சின்ன வயசுல முதல் சிகிச்சையே பெத்தவங்களுக்குக் குடுக்கற பயிற்சிதான். ஒரு நேரத்துல ஒரே ஒரு கட்டளை, சின்னதா நல்லது பண்ணினாலும் உடனே பாராட்டு, தினமும் ஒரே ஒழுங்கு, இப்படி. ஆனா சர்க்கரை நோய் வந்த குழந்தையோட அம்மா இன்சுலின் ஊசி போடக் கத்துக்கறது மாதிரிதான் அது. ஊசி போடத் தெரியாததாலயா சர்க்கரை நோய் வந்துச்சு? பயிற்சி குடுக்கறவங்க "அடுத்து என்ன பண்ணலாம்"னு கேப்பாங்க. பழி போடறவங்க "ஏன் இப்படிப் பண்ணினே"ன்னு கேப்பாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நம்ம ஏரியாவுலயே எப்பவோ புரிஞ்சு வச்சுக்கிட்டவங்க இருக்காங்க. கோட்டூர்புரத்துல இருக்கற வித்யாசாகர், 1985-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச பூனம் நடராஜன் கடுமையான ஊனமுள்ள ஒரு மகனோட அம்மா. பின்னாடி நேஷனல் டிரஸ்ட் தலைவராவும் இருந்தார். தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டுல மதுரம் நாராயணன் மையம், 1989-ல இருந்து சின்னக் குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி குடுக்குது. அங்க அம்மா அப்பாவும் கூடவே உக்காந்து கத்துக்கணும். ரெண்டு இடமும் முக்கியமா வேற குறைபாடுகளுக்காக வந்ததுதான், எங்க ஹீரோவுக்கு நேரா பொருந்தாது. ஆனா ரெண்டுலயும் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தலை, பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. மாட வீதியில இருந்து ரெண்டு இடமும் ரொம்ப தூரம் இல்ல.

கடைசியா ஒரு வேண்டுகோள். நடு ரோட்டுல ஒரு குழந்தை புரண்டு அழுதா, கூட இருக்கறவங்களை முறைக்காதீங்க. முடிஞ்சா கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கி விடுங்க, கீழ விழுந்த தக்காளியைப் பொறுக்கிக் குடுங்க. வலிப்பு வந்தா சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில திணிக்காதீங்க, ஒரு பிரயோஜனமும் கிடையாது. வாயில எதையும் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, அழுத்திப் பிடிக்காதீங்க. தலைக்குக் கீழ மெத்துனு ஏதாவது வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாட்சைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. உலகத்துல சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கு, சரியான சிகிச்சை கிடைச்சா அதுல 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம வாழலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக, உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பாங்க.

அந்த 'சொந்தக் காரணங்களுக்காக' லெட்டர் இப்ப அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வேணுமாம். ஞாயித்துக்கிழமை ஆட்டோவுல அவ கேட்டப்ப, கையெழுத்துப் போடற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துட்டாளோன்னு பயந்துட்டேன். நேத்து ராத்திரி நானும் அத்தானும் உக்காந்து வேற ஒரு லெட்டர் எழுதினோம். ஒரே பக்கம்தான். 16-வது பிரிவு, டாக்டர் குடுத்த குறிப்பு, மருந்து நேரம், வலிப்பு வந்தா என்ன பண்ணணும், சிறப்பு ஆசிரியர் எப்ப வருவாங்கங்கற கேள்வி. திங்கக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன், மூணு பேருமாப் போறோம். அக்கா படிச்சுப் பார்த்துட்டு ரெண்டு எழுத்துப்பிழை திருத்திக் குடுத்தா. டெஸ்டர் புத்தி எங்க போகும் :-)

உன் கேள்விக்குப் பதில், அக்கா: இல்ல. நீ சரியாத்தான் வளர்க்கற.

பி.கு: லீவுக்கு மேனேஜர் காரணம் கேட்டார். "பையனோட ஸ்கூல் விஷயம்"னு எழுதிக் குடுத்தேன். 'சொந்தக் காரணம்'னு எழுதலை.